தண்ணீருக்கு அடியில் எங்கள் பழைய டவுன்

(முதியோர் தினத்தையொட்டி தோட்ட நலன்புரி மண்டபத்தில் நடைபெற்ற கூட்டத்தில், ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"பழைய காலத்தைப் பத்தி ஏதாச்சும் பேசுங்க சேர்" என்று சங்கத்துத் தம்பிமார் கேட்டார்கள். பழைய காலம் என்று ஆரம்பித்தால் என்னைப் போன்றவர்கள் இலேசில் நிறுத்த மாட்டோம். எனவே ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். இன்று நாம் சாமான் வாங்கப் போகிறோமே மஸ்கெலியா டவுன், அதற்கு முன்னால் இருந்த மஸ்கெலியா டவுனைப் பற்றிப் பேசப் போகிறேன். பிள்ளைகளே, உங்களுக்கு அது மவுசாகலை டேம். வெறும் தண்ணீர்தான் தெரியும். இங்கே தலை நரைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தத் தண்ணீருக்குக் கீழே ஒரு கடைவீதியே தெரியும்.

அணை வந்த வரலாறு

முதலில் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சரித்திரம். களனி கங்கை பிறப்பது நம்முடைய மலைகளில். கெஹெல்கமு ஓயா ஒரு கை, மஸ்கெலி ஓயா இன்னொரு கை. இரண்டும் கீழே போய்ச் சேர்ந்துதான் களனி கங்கையாகக் கொழும்புக்குப் போகிறது. இந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918ஆம் ஆண்டிலேயே கணக்குப் போட்டுச் சொன்னார். அந்த யோசனை நிறைவேற முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தது. 1950இல் லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ அணை வந்தது. 1969இல் மவுசாகலை அணை வந்தது.

மவுசாகலை நிரம்பினால் சுமார் 12 கோடி கன மீட்டர் தண்ணீர் நிற்கும். இங்கிருந்து இறங்கும் அதே தண்ணீர் கேனியன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய என்று மூன்று மின்நிலையங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்ற வைத்துவிட்டுத்தான் களனியோடு போகிறது. நாட்டுக்கு அது பெரிய நன்மை. அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும் அல்லவா? அந்த இடத்தில்தான் எங்கள் டவுன் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கடைவீதி

வாரத்தில் மற்ற நாளெல்லாம் மலை. ஞாயிற்றுக்கிழமை டவுன். அதுவும் சம்பளம் போட்டு வருகிற ஞாயிறு என்றால் சொல்லவே வேண்டாம். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிற அதே வேகத்தோடு சனம் குறுக்குப்பாதையில் இறங்கும். அம்மா படங்குச் சாக்கைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் சீலையை எடுத்துக் கட்டுவார். அப்பா வெள்ளை வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டுப் போடுவார். எனக்குக் காலில் செருப்புக் கிடையாது. அட்டைக்கடிக்குச் சவுக்காரம் பூசிக்கொண்டு இறங்குவேன். மொக்காவிலிருந்து ஒரு கூட்டம், பிறவுன்லோவிலிருந்து ஒரு கூட்டம், மவுசாகலை, லக்ஷபான தோட்டங்களிலிருந்து ஒரு கூட்டம். எல்லாம் டவுன் முனையில் வந்து சேரும்போது திருவிழா மாதிரி இருக்கும்.

முதலில் மூக்குக்குத் தெரிவது சைவச் சாப்பாட்டுக்கடை. உளுந்து வடை எண்ணெயில் வெந்துகொண்டிருக்கும். வாசலில் நீளமான பெஞ்சு. உள்ளே கறுத்துப்போன சுவர், சாமிப்படம், ஊதுபத்தி. கண்ணாடிக் கிளாசில் பால் தேத்தண்ணியை உயரத் தூக்கி ஆத்தி, நுரையோடு கொண்டுவந்து வைப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுப்பவர்கள் நாங்கள். நல்ல தூள் பெட்டியிலே அடைபட்டுக் கப்பலேறிவிடும். லயத்தில் நாங்கள் குடித்தது தூசித்தூளில் போட்ட சாயத்தண்ணி. நல்ல தேத்தண்ணி எப்படி இருக்கும் என்று என் நாக்குக்குக் காட்டியது அந்தக் கடைப் பெஞ்சுதான்.

அந்தப் பெஞ்சைப் பற்றி இன்னொரு சேதி. தோட்டத்தில் கிளாக்கரையா வந்தால் நாம் எழுந்து ஓரமாக நிற்க வேண்டும். கண்டாக்கையா வந்தால் தலைத்துண்டை எடுக்க வேண்டும். டவுனில் அப்படியில்லை. காசு கொடுத்தவன் உட்காரலாம். கிளாக்கரையா மேசையில் உட்கார்ந்து தோசை தின்பார், என் அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்பார். "என்னப்பா, சவுக்கியமா?" என்று அவர் கேட்பார். "இருக்கேங்க ஐயா" என்று அப்பா உட்கார்ந்தபடியே பதில் சொல்வார். உட்கார்ந்தபடியே! சின்னப் பையனான எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு ஆச்சரியம்.

பக்கத்தில் பேக்கரி. அது சிங்கள முதலாளியுடையது. பாண் வேகிற வாசம் தெரு முழுவதும் வரும். மேலே சீனி தூவிய கிம்புலா பணிஸ் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகப் படுத்திருக்கும். அந்த முதலாளி எங்களோடு தமிழில் பேசுவார், அவர் தமிழைக் கேட்டு அம்மா சிரிப்பார். அம்மா சிங்களத்தில் பதில் சொல்வார், அதைக் கேட்டு அவர் சிரிப்பார். எனக்குத் தெரிந்த முதல் சிங்களச் சொற்கள் அந்தப் பேக்கரியில் படித்தவைதான்.

புடவைக்கடை நானாவுடையது. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே துணி வந்து இறங்கிவிடும். சிவப்புக் கரை போட்ட கம்பளி அங்கேதான் வாங்க வேண்டும். மஸ்கெலியா மழையில் கம்பளி இல்லாமல் மலைக்குப் போக முடியுமா? கொஞ்சம் தள்ளி, கருவாட்டுக் கடை. அதைத் தேட வேண்டியதில்லை, காற்றே வழி காட்டும். அதற்கும் அப்பால் யாழ்ப்பாணத்துக்காரரின் சுருட்டுக்கடை. சுருட்டோடு பத்திரிகையும் விற்பார். வீரகேசரியை ஒருவர் சத்தமாக வாசிப்பார், எழுத்துத் தெரியாத பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்கள். தேத்தண்ணிக் கடையில் ரேடியோ. பாட்டுக்காகவே சில இளவட்டங்கள் ஒரு பிளேன்டீயை ஒரு மணித்தியாலம் குடிப்பார்கள்.

தையற்காரர், பாபர் சலூன், அடகுக்கடை, வெத்திலைப் பெட்டிக்கடை என்று எல்லாம் இருந்தன. அடகுக்கடைக்குப் போகிறவர்கள் மட்டும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு உள்ளே நுழைவார்கள். கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றும் அந்தச் சின்ன டவுனுக்குள் இருந்தன. காலையில் கோயில் மணியும் பாங்கும் பிரித் ஓதுகிற சத்தமும் ஒரே பள்ளத்தாக்கில் கேட்கும்.

தவறணையும் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது. சம்பளக் காசில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு லயத்துக்கு ஏறிய தகப்பன்மார் இருந்தார்கள். அவர்களைத் தேடி டவுன் முனையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்து நின்ற தாய்மாரும் இருந்தார்கள். பழைய காலம் எல்லாமே தேன் என்று நான் சொல்லவில்லை.

கடன் கொப்பி

டவுனில் எனக்கு மிகவும் ஞாபகத்தில் நிற்பது சில்லறைக்கடை. அரிசி, பருப்பு, மிளகாய், லாம்பெண்ணெய், சவுக்காரம், நெத்தலி என்று எல்லாம் அங்கே வாங்குவோம். காசுக்கு வாங்குகிறவர்கள் குறைவு. கொப்பிக்குத்தான் வாங்குவோம். கடையில் நீளமான ஒரு கொப்பி இருக்கும். அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். முதலாளி காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து எச்சில் தொட்டு எழுதுவார்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஏமாறவும் மாட்டார். லயத்துச் சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பார். நெட்டைக்கோடு ஒரு ரூபாய்க்கு, கட்டைக்கோடு கால் ரூபாய்க்கு. சம்பளம் வந்ததும் கோட்டை எண்ணிக்கொண்டு கடைக்கு வருவார். நான் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகு, "தம்பி, நம்ம பக்கத்த வாசிச்சுச் சொல்லு" என்று என்னை முன்னால் நிறுத்துவார். கொப்பியும் சுவரும் ஒத்துப்போனால் அம்மா தலையாட்டுவார். ஒத்துப்போகாத நாளும் உண்டு. அன்றைக்குக் கடையில் கொஞ்சம் சத்தம் கேட்கும். எழுத்து எதற்கு என்று எனக்குப் பள்ளிக்கூடத்தை விட அந்தக் கடைதான் நன்றாக விளங்கப்படுத்தியது.

நிறுவையில் கை வைத்த கடைக்காரர்கள் இருந்தார்கள். விலையைக் கூட்டிப் போட்டவர்கள் இருந்தார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். லயத்தில் ஒரு சாவு விழுந்தால், ஆள் போய்ச் சொன்ன உடனே கோடித்துணியும் சாம்பிராணியும் கற்பூரமும் கொடுத்தனுப்புவார்கள். "காசு பொறகு பாத்துக்குவோம், மொதல்ல காரியத்த பாருங்க" என்பார்கள். மழை பெய்து வேலை குறைந்த மாதத்தில் வெறுங்கையோடு போனாலும் அரை மரக்கால் அரிசி கிடைக்கும். கடன் கொடுத்தவருக்கு நம் முகம் தெரியும். நம் வீட்டில் எத்தனை வாய் என்று தெரியும். இன்று வீட்டு வாசலுக்கே வந்து நுண்கடன் கொடுக்கிறார்கள். தவணை நாளில் தாய்மார் ஒளிந்துகொள்வதையும் பார்க்கிறோம். அன்றையக் கடனிலும் கஷ்டம் இருந்தது. ஆனால் கடனுக்குப் பயந்து ஒளிந்த ஆளை நான் அந்தக் கடைவீதியில் பார்த்ததில்லை.

செக்ரோலில் நமக்கு ஒரு நம்பர் இருந்தது. அந்தக் கொப்பியில், "மேல் லயம், மூணாவது காம்பரா" என்று இடம் போட்டு, அம்மாவின் பெயர் எழுதியிருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

மலைக்குப் போகிற சீசன்

மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரையில் சிவனொளிபாதமலைக்குச் சனம் வரும். அட்டன் வரைக்கும் கோச்சியில் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போவார்கள். அந்த ஐந்து மாதமும் டவுன் தூங்காது. இரவு பத்து மணிக்கும் பெற்றோல்மாக்ஸ் விளக்கு எரியும். சாப்பாட்டுக்கடையில் இலை போட்டு மாளாது. வெள்ளை உடுத்த சிங்களப் பெரியம்மாமார் பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி வந்து, எங்கள் ஆட்களிடம் சுடுதண்ணி கேட்டுக் குடிப்பார்கள். தோட்டத்துப் பையன்கள் சாமான் தூக்கிச் சில்லறை சம்பாதிப்போம். நான் முதன்முதலில் சொந்தக் காசில் ஒரு கிம்புலா பணிஸ் வாங்கித் தின்றது அப்படி ஒரு சீசனில்தான்.

டவுன் இறங்கியது

"டவுனு தண்ணிக்குள்ள போகப் போகுதாம்" என்று முதலில் காதில் விழுந்தபோது பெரியவர்கள் சிரித்தார்கள். "இம்புட்டுப் பெரிய டவுனு எப்படிடா தண்ணிக்குள்ள போகும்?" என்றார்கள். பிறகு அணைக்கட்டு வேலைக்கு லொறிகள் வந்தன. மேட்டில் புதிய டவுனுக்கு இடம் வெட்டினார்கள். கடைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தகரத்தைக் கழற்றினார்கள். கதவு, நிலை, பலகை என்று எல்லாவற்றையும் பிரித்து ஏற்றினார்கள். சிலர் புதிய டவுனில் கடை போட்டார்கள். சிலர் அட்டனுக்குப் போனார்கள். சிலர் "இத்தோட போதும்" என்று இந்தியாவுக்கே போய்விட்டார்கள்.

தோட்டத்துச் சனத்துக்கு இதில் ஒரு பாடம் இருந்தது. கடைக்காரர்களில் கையில் உறுதி வைத்திருந்தவர்கள், "என் இடம் போகிறது" என்று சொல்லிப் பேச முடிந்தது. லயக்காம்பராவுக்கு உறுதி கிடையாது. நம்மவர்களுக்கு ஒரு காம்பராவிலிருந்து இன்னொரு காம்பராவுக்குச் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போவதுதான் இடமாற்றம்.

தண்ணீர் ஒரே நாளில் வரவில்லை. மெதுவாக ஏறியது. முதலில் ஆற்றங்கரை, பிறகு கீழ்த்தெரு, பிறகு கடை வாசல்கள். கூரை இல்லாத சுவர்கள் கொஞ்ச நாள் தண்ணீருக்கு மேல் நின்றன. பிறகு அதுவும் இல்லை. நாங்கள் மேல் மலையில் நின்று பார்த்தோம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்றைக்குக் கங்காணியும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரவில் அணைக்கட்டுப் பக்கம் விளக்கு வரிசையாக எரியும். எங்கள் லயத்தில் குப்பிலாம்பு. 1971இல் நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தது அந்தக் குப்பிலாம்பு வெளிச்சத்தில்தான். காலையில் மூக்குத் துவாரம் இரண்டும் கறுத்திருக்கும். எங்கள் டவுனை விழுங்கிய தண்ணீரில் பிறந்த மின்சாரம் எங்கள் தலைக்கு மேலே கம்பியில் ஓடி எங்கோ போய்க்கொண்டிருந்தது. லயத்துக்கு அது வந்து சேர்ந்தபோது நான் வாத்தியாராகிப் பல வருடம் ஆகியிருந்தது.

சனமும் போனது

டவுன் போனதோடு நின்றிருந்தால் நாங்கள் பொறுத்திருப்போம். ஆட்கள் இருந்தார்கள், பேசிப் பேசியே பழைய டவுனை வைத்திருப்போம். ஆனால் அதே காலத்தில் இன்னொரு வெள்ளமும் வந்தது.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமா பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்களாக இருந்த நம்மவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன.

பழைய டவுனில் ஒரு படப்பிடிப்புக்கடை இருந்தது. கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு போய்ப் படம் எடுப்போம். பின்னால் திரையில் மாளிகையும் பூந்தொட்டியும் வரைந்திருக்கும். புதிய டவுனுக்கு வந்த பிறகு சனம் படம் எடுக்கப் போனது பாஸ்போர்ட்டுக்காக. சின்னப் படம். திரையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

கண்டிக்கு அலைந்து பாஸ்போர்ட் எடுத்தார்கள். பிறகு அட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறினார்கள். ஏறுகிறவர்களும் அழ, ஏற்றிவிட வந்தவர்களும் அழ, அந்தக் கோச்சிக்கு நம் சனம் "ஒப்பாரிக் கோச்சி" என்றே பெயர் வைத்தது. தலைமன்னார் போய், இராமேஸ்வரத்துக்குக் கப்பல். அந்தக் கப்பல் சேவை 1984இல் நின்றது. அதற்குள் எங்கள் லயத்தில் பாதிக் காம்பராவில் ஆள் மாறிவிட்டது. போனவர்களில் பலர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள். இங்கே இருந்தபோது அவர்கள் இந்தியாக்காரர். அங்கே போனதும் சிலோன்காரர்.

கோத்தகிரிக்குப் போன ஒரு அக்கா பல வருடம் கழித்து எனக்குக் கடிதம் போட்டார். சொந்தக்காரர் சுகமெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் ஒரு வரி: "தண்ணி வத்துற காலத்துல வடைக்கடை இருந்த எடம் இப்பவும் தெரியுதா தம்பி?" அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. அடுத்த வறட்சிக்குக் காத்திருந்து, போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

மலையகத்தில் வேறு டவுன்கள் தண்ணீரில் போகவில்லை, நெருப்பில் போயின. 1983 ஜூலையில் பதுளையிலும் நுவரெலியாவிலும் மாத்தளையிலும் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. அங்கேயும் கடைகளோடு கொப்பிகளும் படங்களும் சாம்பலாகியிருக்கும். அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் ஒரு கடைவீதி மனப்பாடமாக இருக்கும்.

ஞாபகம் ஏன் வேண்டும்?

"போனது போச்சு, இதையெல்லாம் இப்ப பேசி என்ன சேர்?" என்று ஒரு தம்பி கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் நம்மவர்களிடம் கேட்ட கேள்வி என்ன? "உன் தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே?" என்றுதான். மலையில் பிறந்து, மலையில் உழைத்து, மலையிலேயே புதைக்கப்பட்டவர்களுக்குக் கடுதாசி எங்கே இருந்தது? ஒரு பிறப்புப் பதிவுக்காகவும் ஒரு பாடசாலை இடாப்புக்காகவும் பழைய செக்ரோலுக்காகவும் தோட்டம் தோட்டமாக அலைந்தார்கள். காட்ட முடியாதவர்கள் நாடற்றவர்களானார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தக் கணக்கு ஒரு முடிவுக்கு வந்தது. இடையில் ஐம்பத்தைந்து வருடம்.

இப்போது அந்தக் கடன் கொப்பியை ஞாபகப்படுத்துங்கள். "மேல் லயம், மூணாவது காம்பரா" என்று எழுதி, என் அம்மாவின் பெயரும் இருந்த கொப்பி. அது எங்கே போனதோ தெரியாது. இருந்திருந்தால், இந்த ஆண்டு, இந்த மாதம், இந்தத் தாய் இந்த மண்ணில் இரண்டு கொத்து அரிசி வாங்கிச் சோறாக்கினாள் என்று அது சொல்லும். நம் சனம் இங்கே வாழ்ந்ததற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? பெரிய ஆட்களின் சரித்திரத்தைப் பெரிய ஆட்கள் எழுதிக்கொள்வார்கள். நம் சரித்திரம் கடைக் கொப்பியிலும் லயத்துச் சுவரின் கரிக்கோட்டிலும் பாட்டிமாரின் வாயிலும்தான் இருந்தது. கொப்பி போய்விட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டோம். மிச்சம் இருப்பது வாய் மட்டும்.

அந்த வாய்க்கும் வயதாகிவிட்டது. பழைய டவுனில் பையனாக ஓடித் திரிந்த எனக்கே எழுபது. அங்கே பெரிய ஆளாக நடந்து சாமான் வாங்கியவர்களுக்கு எண்பதுக்கு மேல். இந்த மண்டபத்தில் அப்படி எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கை தூக்கச் சொன்னால், ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

நாம் செய்யக்கூடியவை

ஆகவே சில வேலைகள் சொல்கிறேன். ஒன்றுக்கும் பெரிய காசு செலவில்லை.

முதலாவது, பிள்ளைகள் ஒரு சீ.ஆர். கொப்பி எடுங்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், பக்கத்துக் காம்பராவில் யார், எந்தக் கடையில் கொப்பி, இந்தியாவுக்குப் போனவர்கள் யார், எந்த வருடம் போனார்கள். அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். இளைஞர்கள் கையில் போன் இருக்கிறது. பாட்டுக் கேட்கிற நேரத்தில் கால் மணித்தியாலம் பாட்டியின் குரலைப் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, வீட்டில் பழைய படம் இருந்தால், பின்பக்கத்தில் பென்சிலால் மெதுவாகப் பெயர்களை எழுதுங்கள். இன்று "இது யாரு?" என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது. நாளைக்கு இருக்காது.

மூன்றாவது, பிறப்பு, கலியாண, இறப்புப் பத்திரங்களைக் கூரை ஒழுகாத இடத்தில் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம். "வேணும்கிறப்ப பாத்துக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். வேண்டிய நேரத்தில் தேடித்தான் நம் பாட்டன்மார் அலைந்தார்கள்.

நான்காவது, வறட்சிக் காலத்தில் மவுசாகலையில் தண்ணீர் நன்றாக இறங்கினால் பழைய கோயிலின், விகாரையின், பள்ளிவாசலின் இடிபாடுகள் வெளியே தெரியும். இளைஞர்கள் கூட்டமாகப் போய்ப் படம் எடுக்கிறார்கள். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தனியாகப் போகாதீர்கள், சேறு ஆளை இழுக்கும். இடிந்த சுவரில் ஏறாதீர்கள். அங்கிருந்து கல்லையோ ஓட்டையோ எடுத்து வராதீர்கள். முடிந்தால் நடக்கக்கூடிய ஒரு பெரியவரைக் கரை மேட்டு வரைக்குமாவது கூட்டிக்கொண்டு போங்கள். அவர் அங்கே நின்று கையை நீட்டி, "அந்தா பேக்கரி, இந்தப் பக்கம் நானா கடை, அதுக்குப் பொறத்தால சலூன்" என்று காட்டுவார். அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கல் எந்தக் கடை என்று உங்கள் போனுக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும்.

2023இல் நம்மவர்கள் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு வருடம் என்று நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். முன்னோர் நடந்த பாதையைக் காலால் அளந்தார்கள். நல்ல காரியம். எல்லோராலும் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. ஆனால் உங்கள் காம்பராவிலிருந்து பக்கத்துக் காம்பராப் பாட்டியின் இஸ்தோப்பு வரைக்கும் நடக்கலாம் அல்லவா?

கடைசியாக, என்னோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் வந்து கேட்டால், "எனக்கென்ன தெரியும், நான் படிக்காத ஆளு" என்று தட்டிக் கழிக்காதீர்கள். எந்தக் கடையில் எந்த நாளில் என்ன விலைக்கு என்ன வாங்கினீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். யார் கடன் கொடுத்தார், யார் நிறுவையில் ஏய்த்தார் என்று தெரியும். யார் அழுதுகொண்டு கோச்சி ஏறினார் என்று தெரியும். அவ்வளவும் வேண்டும். நல்லதையும் சொல்லுங்கள், தவறணையையும் சொல்லுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு எழுதிய கொப்பியோடு வருகிற பிள்ளைகளுக்கு அதை இங்கேயே வாசிக்க நேரம் ஒதுக்குவதாகச் சங்கத்தார் சொல்லியிருக்கிறார்கள். நானும் என் கொப்பியைக் கொண்டுவருகிறேன். கடைவீதியின் இரண்டு பக்கமும் எனக்கு ஞாபகம் இருக்கிற வரையில் கீறி வைத்திருக்கிறேன். விட்டுப்போன கடைகளை நீங்கள் சொல்லி நிரப்ப வேண்டும்.